பென்னிகுயிக் என்றால் குயில் குன்று



நம் பழனிசெட்டிபட்டி வழியாக ஓடும் முல்லைப் பெரியாற்றைப் பார்த்தால் உங்களுக்கும் பென்னிகுயிக் ஞாபகம் வரும். 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பொறியாளர். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்த குடும்பங்கள் உண்டு.

ஆனால் அவர் சொந்தப் பெயர் ஜான். அவர் அப்பாவும் ஜான், மகனும் ஜான். பென்னிகுயிக் என்பது குடும்பப் பெயர். ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகே உள்ள ஓர் ஊரின் பெயர்தான் அது. அங்கத்திய பழைய மொழியில் 'குயில் குன்று' என்று பொருள்.

அங்கே தலைமுறை தலைமுறையாக நிலைத்த பெயர், இங்கே அடுத்த தலைமுறையிலேயே 'பெ.' என்று இனிஷியலாகிவிடும். அதற்கடுத்த தலைமுறையில் அதுவும் இருக்காது. நூறு வருஷம் கழித்து ஒரு கொள்ளுப்பேரன் பழைய பத்திரத்தில் அந்தப் பெயரைப் பார்த்து, "நம் முன்னோர் வெள்ளைக்காரரா?" என்று திகைப்பான். அது ரத்த உறவு இல்லை, தண்ணீருக்குச் சொன்ன நன்றி என்று அவனுக்கு யார் சொல்வது?

வங்கியில் இருந்தபோது மூலப்பத்திரங்களில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று மூன்று தலைமுறை படித்திருக்கிறேன். ஆனால் என் அப்பாவைப் பெற்ற பாட்டியின் அம்மா பெயர் எனக்குத் தெரியாது. பெண்கள் பெயர் இனிஷியலிலும் பெரும்பாலும் வருவதில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் இப்போது இல்லை.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். பெயரை மட்டுமல்ல, அதை ஏன் வைத்தார்கள் என்பதையும்.