39 ஷில்லிங்

லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் பழைய வழக்குப் பதிவுகளைக் கொஞ்ச நாளா வாசிச்சுக்கிட்டு இருக்கேன். 1674 முதல் 1913 வரையிலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரும்பாலும் சில்லறைத் திருட்டுதான்: வெள்ளிக் கரண்டி, கைக்குட்டை, துணி. 18-ஆம் நூற்றாண்டுத் தீர்ப்புகளில் ஒரு தொகை மட்டும் திரும்பத் திரும்ப வருது. 39 ஷில்லிங். முதலில் தற்செயல்னுதான் நினைச்சேன்.

சங்கதி இதுதான். 1713-இல் வந்த சட்டப்படி, குடியிருக்கும் வீட்டுக்குள் 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு, அல்லது அதற்கு மேல் பெறுமானமுள்ள பொருளைத் திருடினால் தூக்கு. வீட்டு வேலைக்காரர்களை மிரட்டி வைப்பதும் அதன் நோக்கம். கடையில் யாருக்கும் தெரியாமல் எடுத்தால் 1699-லிருந்தே எல்லை வெறும் 5 ஷில்லிங்.

ஆனால் பொருளின் மதிப்பைத் தீர்மானிப்பவர்கள் ஜூரிகள். அவர்களும் கடைக்காரர்கள், தொழில் செய்பவர்கள்தான். திருட்டுக் கொடுத்தவரின் பக்கம் சாய வேண்டியவர்கள். கூண்டில் நிற்கிற வேலைக்காரப் பெண்ணைப் பார்ப்பார்கள். 39 ஷில்லிங் என்று சொல்லிவிடுவார்கள். கடைத் திருட்டானால் 4 ஷில்லிங் 10 பென்ஸ். 10 பவுண்டு நோட்டைத் திருடிய வழக்கில்கூட மதிப்பு 39 ஷில்லிங்னு சொன்ன ஜூரிகள் உண்டு! நோட்டிலேயே தொகை இருக்குமே, அதை எப்படித்தான் வாசிச்சாங்களோ.

திருட்டுக் கொடுத்தவர்களுக்கும் இது தலைவலி. அப்போ இன்றைய மாதிரி போலீஸ் கிடையாது; பறிகொடுத்தவரே வழக்கும் நடத்தணும். தூக்குன்னதும் பலர் பின்வாங்கினார்கள். வெளுப்பதற்காகத் திறந்த வெளியில் விரித்த துணியைத் திருடினால் மரணம் என்றிருந்த சட்டத்தை 1811-இல் நீக்கச் சொல்லி மனுப் போட்டவர்களே அந்தத் துணி வெளுக்கும் தொழில் முதலாளிகள்தான். தண்டனையைக் குறைச்சாத்தான் ஜூரி தண்டிக்கும்னு அவங்களுக்குப் புரிஞ்சிருந்தது. 1827-இல் வீட்டுத் திருட்டின் எல்லையை 5 பவுண்டாக உயர்த்தினார்கள். ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? 4 பவுண்டு 19 ஷில்லிங்!

39 ஷில்லிங்னா விடுதலைன்னு நினைச்சுடாதீங்க. கழுத்து தப்பியவர்களில் ஏராளமானோர் 7 ஆண்டு நாடுகடத்தலுக்குக் கப்பல் ஏறினார்கள். முதலில் அமெரிக்காவுக்கு, பிறகு ஆஸ்திரேலியாவுக்கு. தூக்குக்கு வழியே இல்லாத சின்னத் திருட்டுக்கும் அதே 7 ஆண்டு உண்டு. 1787-இல் புறப்பட்ட முதல் கப்பல் கூட்டத்தில் எலிசபெத் பெக்ஃபோர்ட் என்ற மூதாட்டி இருந்தார். வயது 70. திருடியது 12 பவுண்டு எடை சீஸ், நம்ம கணக்கில் சுமார் ஐந்தரைக் கிலோ. ஆஸ்திரேலியாவைப் பார்க்காமலே கடலில் இறந்துபோனார்.