சுவர் யாருடைய பொறுப்பு?

1993 செப்டம்பர் 30, அதிகாலை 3.56 மணி. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்திலுள்ள கில்லாரியைச் சுற்றி நிலம் அதிர்ந்தது. அளவு 6.2. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் உறக்கத்திலேயே, தம் வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் அடியில்.

அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் கில்லாரி, ஆபத்து மிகக் குறைந்த முதலாம் மண்டலத்தில் இருந்தது. தக்காணப் பாறை பழமையானது, அசையாது என்று நம்பினார்கள். முந்தைய ஆண்டே அங்கே பலமுறை நிலம் அதிர்ந்து, மக்கள் அஞ்சியிருந்தார்கள். அந்த அச்சத்தை யாரும் அறிவாக எடுத்துக்கொள்ளவில்லை. 2002இல் வந்த வரைபடம் முதலாம் மண்டலத்தையே நீக்கியது. சேலம் மூன்றாம் மண்டலத்தில் இடம்பெற்றது. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியே குலுங்கியிருக்கிறது. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே இருக்கும் தம்மம்பட்டியும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

கில்லாரியில் கொன்றது வீடு. சேறு வைத்து அடுக்கிய தடித்த கல்சுவர்கள், அவற்றின்மேல் மரச்சட்டம், அதற்கும் மேலே கனத்த மண்கூரை. சுவரின் உள்முகத்தையும் வெளிமுகத்தையும் இணைக்கும் நீளக்கற்கள் இல்லாததால் சுவர் இரண்டாகப் பிளந்து சரிந்தது.

அந்த வீட்டைப் பெருக்கி, மெழுகி, பாதுகாத்தவர்கள் பெண்கள். கட்டும்போது அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. மறுகட்டுமானம்தான் இதைக் கொஞ்சம் மாற்றியது. பிரேமா கோபாலன் நிறுவிய சுயம் சிக்ஷண் பிரயோக் அமைப்பின் முயற்சியால், ஊர்ப் பெண்கள் அரசுக்கும் மக்களுக்கும் இடையே தொடர்பு உதவியாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். உதவித்தொகை பெறும் வழியையும் சுவரை வலுப்படுத்தும் முறையையும் வீடுவீடாக விளக்கினார்கள். 2001இல் குஜராத் குலுங்கியபோது, லாத்தூர்ப் பெண்கள் கட்ச் சென்று தாங்கள் கற்றதைச் சொல்லிக்கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் என்று மட்டுமே எழுதப்பட்டவர்கள் அங்கே ஆசிரியர்களாக நின்றார்கள்.

நிலநடுக்கம் வரும் நாளை எந்த அறிவியலாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எந்தச் சுவர் விழும் என்று சொல்ல முடியும். லிண்டல் கான்கிரீட்டை வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேலே மட்டும் துண்டுதுண்டாகப் போடாமல், எல்லாச் சுவர்களையும் சுற்றி ஒரே பட்டையாகக் கம்பி வைத்துப் போட்டால் வீடு பெட்டிபோல் சேர்ந்து நிற்கும். இதைக் கொத்தனாரிடம் கேட்க இன்ஜினியரிங் பட்டம் தேவையில்லை. சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி, வீட்டுக்குச் செங்கல் இறக்கி, தவணையையும் கட்டும் பெண்ணுக்கு அந்தச் சுவரைப் பற்றிக் கேட்கும் உரிமை எப்போதோ வந்துவிட்டது.