வினையும் பொறுப்பும் (சைவ சித்தாந்தம்)

திட்டக்குடியை அடுத்த பெண்ணாகடத்து அச்சுத களப்பாளரின் மகன் மெய்கண்டார். 13ஆம் நூற்றாண்டில் அவர் அருளிய சிவஞானபோதத்தில் 12 சூத்திரங்கள். இரண்டாம் சூத்திரம் உயிர்களின் பிறப்பு இறப்பை நல்வினை, தீவினை என்னும் இருவினையோடும் இறைவன் ஆணையோடும் சேர்த்துச் சொல்கிறது. அப்படியானால் குற்றத்துக்குப் பொறுப்பு யார்? வினை சடம், செய்தவரைத் தேடிச் சேரும் அறிவு அதற்கில்லை. பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன். விரும்பிச் செய்வது உயிர். கொன்றவன் விதியைச் சாக்குச் சொல்லித் தப்ப முடியாது. எல்லாம் நியதியே என்ற ஆசீவகம், அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம் மறுக்கும் சமயங்களுள் ஒன்று.

கடினமான கேள்வி இதற்குப் பின்னரே எழுகிறது. விருப்பத்தையே மறைக்கும் ஆணவம் என்னும் மலம், உயிர் தேடிக்கொண்டதன்று, அநாதி. பிறகு அந்த விருப்பம் எவ்வளவு சுதந்திரமானது? இருவினைப் பயன்களையும் ஒன்றுபோல் நோக்கும் இருவினையொப்பில்தான் உயிரின் இந்தக் கட்டுத் தளரும் என்கிறது சித்தாந்தம்.