கறுப்புப் பட்டையும் நூறு வாட்டும்: மோட்டார் சைக்கிள் முகப்பு விளக்கின் வரலாறு

மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கு சாலையில் எவ்வளவு வெளிச்சம் பாய்ச்சும் என்பதை அதன் பல்பு மட்டும் எக்காலத்திலும் முடிவு செய்ததில்லை. பல்புக்கு மின்சாரம் ஊட்டும் கருவி, அதைக் கொண்டுசேர்க்கும் வயர், சிதறும் ஒளியைத் திரட்டிச் சாலைமீது விழச்செய்யும் குழிந்த பிரதிபலிப்பான் ஆகிய மூன்றும் அதில் சமபங்கு உடையவை. ஆயினும் வெளிச்சம் போதாதபோதெல்லாம் வண்டியோட்டிகள் முதலில் கைவைத்தது பல்பின் மீதே என்பதால், இவ்விளக்கின் வரலாற்றில் புதிய கண்டுபிடிப்புகளுக்கு நிகராக உருகிய ஹோல்டர்களும் கருகிய சுவிட்சுகளும் இடம்பெற்றிருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எரிந்தது கார்பைடு விளக்கு. சட்டத்தில் பொருத்திய சிறு கலத்தில் கால்சியம் கார்பைடு கட்டிகளின்மீது நீர் சொட்டுச் சொட்டாக விழ, அதில் எழும் அசெட்டிலின் வாயு ரப்பர் குழாய் வழியே விளக்கை அடைந்து வெண்சுடராக எரியும். நீர்ச்சொட்டின் வேகமே வெளிச்சத்தின் அளவைத் தீர்மானித்ததால், கூடுதல் வெளிச்சத்துக்கு நீர்த்திருகைச் சற்றுத் திறந்தாலே போதும். புதிய பாகம் எதுவும் தேவைப்படவில்லை.

மின்விளக்கு வந்தபின் அந்தச் சலுகை போய்விட்டது. பிரிட்டிஷ் வண்டிகளில் பரவிய லூகாஸ் நிறுவனத்தின் மேக்டைனோ, பொறி உண்டாக்கும் மேக்னெட்டோவையும் மின்சாரம் தரும் டைனமோவையும் ஒரே கூட்டில் இணைத்த கருவியாகும். அது ஊட்டியது 6 வோல்ட் மின்சுற்று. ஒரே வாட் அளவுக்கு 12 வோல்ட்டில் ஓடுவதைப்போல் இருமடங்கு மின்னோட்டம் 6 வோல்ட்டில் ஓட வேண்டியிருப்பதால், மெல்லிய வயரும் துருப்பிடித்த எர்த் இணைப்பும் அங்கே பெருங்கேடு செய்தன. டங்ஸ்டன் இழையின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் மடிக்கு ஏற்பக் கூடிக் குறைவது. எனவே வழியில் 1 வோல்ட் இழந்து பல்பை 5 வோல்ட்டே எட்டினால், வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதி மறைந்துவிடும். அதே வயரில் அதே வாட் பல்பு 12 வோல்ட்டில் எரிந்தால் இழப்பு அரை வோல்ட்டாகவும், குறையும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகவும் சுருங்கும். மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாக உயர்த்தியதே, பின்னாளில் வந்த எந்தப் பல்பையும்விடப் பெரிய முன்னேற்றம் என்று சொல்லத் தகும்.

1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் உருவாக்கிய புல்லட், இந்த 6 வோல்ட் மரபின் வாரிசு. முகப்பு விளக்கின் இருபுறமும் பதிந்த இரு சிறு விளக்குகள் புலிக்கண் எனப் பெயர் பெற்று அவ்வண்டியின் அடையாளமாயின. முகத்துக்கு அழகு சேர்த்த அவை சாலைக்குத் தந்த வெளிச்சம் சொற்பம்.

பல்பின் பக்கம் திரும்பினால், ஓஸ்ராம் நிறுவனம் 1925இல் வெளியிட்ட பைலக்ஸ் என்னும் பல்பில் இரண்டு இழைகள் இருந்தன. தொலைவு நோக்கும் இழை பிரதிபலிப்பானின் குவியத்தில் அமைய, டிம் எனப்படும் தாழ்ஒளிக்கான இழை அதற்குச் சற்று முன்னே, அடியில் சிறு உலோகக் கிண்ணம் தாங்க அமைந்தது. கிண்ணம் கீழ்நோக்கிய ஒளியை மறைப்பதால் டிம் ஒளி பிரதிபலிப்பானின் மேற்பாதியில் மட்டுமே பட்டுத் தரையை நோக்கிச் சாய்ந்து, எதிரே வருபவரின் கண்மட்டத்துக்கு எழாமல் ஒரு கோட்டோடு நின்றுவிடும். இந்த நுட்பத்தை அறிந்தால், முகப்பு விளக்குக் கண்ணாடியின் மேற்பாதியில் கண்கூசலைத் தடுக்கவெனக் கறுப்பு வண்ணம் பூசிவந்த இந்திய வழக்கம் எவ்வளவு விசித்திரமானது என்பது விளங்கும். மேற்பாதிப் பிரதிபலிப்பானிலிருந்து திரும்பும் ஒளியின் பெரும்பகுதி கண்ணாடியின் மேற்பாதி வழியாகவே வெளியேறுவதால், அந்தக் கறுப்புப் பட்டை கண்கூசாத டிம் ஒளியைத்தான் அதிகம் தின்றது. கண்கூசவைக்கும் தொலைஒளியின் கீழ்ப்பாதியை அது தொடவேயில்லை. தமிழகத்தில் காவலர்கள் விளக்கின் நடுவே ஒட்டிவந்த கறுப்பு ஸ்டிக்கரும் பிரதிபலிப்பானின் கணக்கைப் பாராத ஏற்பாடுதான். இப்படி வெளிச்சத்தை இழந்த வண்டியோட்டி கூடுதல் வாட் பல்பைத் தேடிப் போனதில் வியப்பில்லை.

1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவோடு வந்த நூறு சிசி வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்கு பேட்டரியை நாடாமல், என்ஜினோடு சுழலும் மேக்னெட் தூண்டும் காயிலிலிருந்து மாறுதிசை மின்சாரத்தை நேரடியாகப் பெற்றது. என்ஜின் வேகத்தோடு வெளிச்சமும் ஏறி இறங்கியதால் சிக்னலில் நிற்கும்போது விளக்கு மங்கிச் சோர்ந்தது. இதற்குப் பல்பின்மீது பழிபோட்டவர்கள் பலர்.

அடுத்த பாய்ச்சல் ஆலசன் பல்பு. குமிழுக்குள் அடைத்த அயோடின் அல்லது புரோமின் வாயு, ஆவியாகும் டங்ஸ்டனைக் கண்ணாடியில் படியவிடாமல் இழைக்கே திருப்பிக் கொண்டுசேர்ப்பதால், இழையை மேலும் சூடாக்கி மேலும் வெண்மையாக எரிக்க முடிந்தது. 1971இல் ஐரோப்பாவில் வந்த எச்4 இரட்டை இழைப் பல்பு பைலக்ஸின் கிண்ணத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, 60/55 வாட்டில் தொலைஒளியாக ஏறத்தாழ 1,650 லூமனும் டிம்மாக 1,000 லூமனும் தந்தது. லூமன் என்பது விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அலகு. சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கென வந்த எச்எஸ்1 பல்பு 35/35 வாட்டில் 825, 525 லூமன் அளவில் நின்றது.

இவற்றுக்கு மேல் போட்டிப் பந்தயங்களுக்கென வந்த 100/90 வாட் பல்பு சாலை வண்டிகளிலும் புகுந்தபோது தொல்லை தொடங்கியது. 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் ஓடிய வயரில் 100 வாட்டுக்கு 8.3 ஆம்பியர் ஓட, வயரிலும் இணைப்புகளிலும் எழும் வெப்பம் ஏறக்குறைய 2.8 மடங்காகியதால் ஹோல்டர் உருகியது, டிம்மர் சுவிட்ச் கருகியது, பிரதிபலிப்பானின் பளபளப்புப் பூச்சு மங்கியது. விவரமறிந்த மெக்கானிக்குகள் இதற்குக் கண்ட மாற்று ரிலே. சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் இந்த மின்காந்தச் சுவிட்சை பேட்டரிக்கும் பல்புக்கும் இடையே தடித்த வயராலும் பியூஸாலும் இணைத்தால், கைப்பிடிச் சுவிட்ச் பாரத்திலிருந்து விடுபடுவதோடு, பழைய பல்பே முழு மின்னழுத்தம் பெற்றுப் பளிச்சென்று எரியும். பலருக்கு அதற்குமேல் வேறொன்றும் தேவைப்பட்டிருக்காது. மாறுதிசை மின்சாரத்தில் எரியும் விளக்கை முதலில் பேட்டரிக்கு மாற்றாமல் இம்முறையைக் கையாள இயலாது என்பதும், காயில் தரும் ஆற்றலுக்கு மேல் பல்பு உண்டால் பேட்டரி வற்றிவிடும் என்பதும் அக்கைவினையின் வரம்புகள். இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் விளக்கு பகலிலும் தானாகவே எரிய வேண்டுமென விதி வந்தபின் இந்த இரண்டாம் வரம்பு மேலும் இறுகியது.

ஆலசனுக்கென வடிவமைத்த பிரதிபலிப்பானில் செனான் குழலையோ எல்இடி பல்பையோ செருகும் வழக்கம் பழைய பிழையின் புதிய வடிவமே. ஒளி பிறக்கும் இடம் மெல்லிய இழையின் அளவிலும் இருப்பிலும் இல்லாவிட்டால் டிம் ஒளியின் எல்லைக்கோடு சிதைந்து, வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில்தான் பாயும். இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதியற்ற மாற்றங்களைத் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. ஜெர்மனியில் 2020இல் ஆலசனுக்கு மாற்றான எல்இடி பல்பு ஒன்றுக்கு முதன்முறையாகச் சாலை அனுமதி கிடைத்தபோதும், அவ்வனுமதி பல்புக்குப் பொதுவாக வழங்கப்படவில்லை. சோதித்துத் தேர்ந்த வண்டி மாதிரிகளின் பட்டியலுக்கு மட்டுமே அது செல்லுபடியாயிற்று.