ஸ்பெயின் நாட்டின் விழா ஆண்டு



ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் பெரும்பாலும் அரசர்களின் பெயர்களையும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளையுமே தேடுவர். அந்நாட்டு மக்கள் எந்தெந்த நாட்களில் தம் தொழிலை நிறுத்தி வீதிக்கு வருகின்றனர் என்று நோக்குவோர் சிலரே. ஸ்பெயின் நாட்டின் சட்டப்படி பொது விடுமுறைகள் ஆண்டிற்கு 14 நாட்களுக்கு மேற்படலாகாது. அவற்றுள் 2 நாட்களை ஒவ்வோர் ஊரும் தானே தெரிந்துகொள்ளும். இந்நாட்களின் கதையை ஆராயின், கடந்த நூற்றாண்டில் ஆட்சியாளர்க்கும் மக்களுக்கும் இடையே நடந்த ஒரு நெடும் வழக்கு புலனாகும்.

ஆண்டின் முதற் பெருவிழா ஜனவரி 6ஆம் நாள் வரும் மூவிராசாக்கள் திருநாள். முதல்நாள் மாலை இராசாக்கள் ஊர்வலமாக வந்து இனிப்புகளை வாரி வீசுவர். அன்றிரவு பரிசில்களை எதிர்பார்த்துச் சிறுவர் தம் பாதணிகளை வெளியே வைப்பர். குறும்பு செய்த பிள்ளைக்கோ கரித்துண்டு கிடைக்கும். அதுவும் சீனியாற் செய்த கரியே!

தவக்காலத்துக்கு முன்னர் வருவது கார்னிவல் என்னும் களியாட்டு. தெற்கே, கடலாற் சூழப்பட்ட காடிஸ் நகரிலே வேடமணிந்த பாட்டுக் குழுவினர் அதிகாரிகளையும் பிரமுகர்களையும் எள்ளிப் பாடுவர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1937ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஜெனரல் பிராங்கோவின் ஆட்சி இவ்விழாவைத் தடுத்தது. முகமூடிக்குள் மறைந்திருப்பவன் யாரென அறிய இயலாத நாளை எந்தச் சர்வாதிகாரிதான் விரும்புவான்? பத்தாண்டு கழிந்தது. 1947ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் நாள் இரவு காடிஸ் நகரிற் கடற்படையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். துயரில் ஆழ்ந்த நகரம் மறு ஆண்டில் மீண்டும் பாட அனுமதி பெற்றது. ஆயினும் கார்னிவல் என்ற பெயர் கூடாது. பாடல்கள் தணிக்கைக்கு உட்பட வேண்டும். பெயரை இழந்தும் விழா பிழைத்தது. 1977ஆம் ஆண்டில் அதன் பழைய பெயரும் பழைய காலமும் அதற்கு மீண்டன.

கார்னிவல் ஓய்ந்ததும் தவக்காலம். அதன் முடிவிலே பரிசுத்த வாரம். செவில்லா நகரிற் சமயச் சகோதர சபையார் பாடுகளின் காட்சிகளைத் தாங்கிய பாரிய மேடைகளைத் தோளிலும் பிடரியிலும் சுமந்து வருவர். இவ்விழாவுக்கும் சோதனைக் காலம் இருந்தது. திருச்சபைக்கும் குடியரசுக்கும் பகை முற்றிய 1932ஆம் ஆண்டில் ஒரேயொரு சபை ஊர்வலம் சென்றது. 1933ஆம் ஆண்டில் ஒன்றும் வெளிவரவில்லை. ஆகவே விழாவை நலிவித்த குற்றம் ஒரு தரப்புக்கு மட்டும் உரியதன்று.

ஜூலை மாதத்தில் இரு நாட்களை ஒப்பிடுவோம். 25ஆம் நாள், நம் நாட்டுக் கத்தோலிக்கர் சந்தியோகுமையோர் என வழிபடும் யாகப்பரின் திருநாள். அவரது கல்லறை உள்ளதாக நம்பப்படும் சந்தியாகோ நகருக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேலாக யாத்திரிகர் நடந்து வருகின்றனர். 18ஆம் நாளோ, 1936ஆம் ஆண்டிற் படைத்தலைவர்கள் குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த நாள். போரில் வென்ற பிராங்கோ அதனைத் தேசிய விழாவாக்கினார். அந்நாளையொட்டி மேலதிகச் சம்பளமும் வழங்கப்பட்டது. 1975ஆம் ஆண்டில் அவர் இறந்தார். 1977ஆம் ஆண்டில் அவ்விடுமுறை நீக்கப்பட்டது. கோடைகால மேலதிகச் சம்பளம் மட்டும் நிலைத்து நிற்கிறது!

ஒக்டோபர் 12ஆம் நாளின் வழக்கு இன்னும் தீரவில்லை. 1492ஆம் ஆண்டு கொலம்பஸ் அமெரிக்கத் தீவொன்றில் இறங்கிய நாள் அது. 1918ஆம் ஆண்டிற் சட்டத்தால் விடுமுறையானது. அன்று அது 'இனத்தின் திருநாள்' என வழங்கிற்று. 1958ஆம் ஆண்டில் ஸ்பானிய மரபின் நாளெனப் பெயர் மாறிற்று. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தேசிய விழா என்று மட்டும் குறித்தது. ஆயினும், கொலம்பசின் வருகையால் நிலமும் உயிரும் இழந்த ஆதிக்குடிகளை நினைவோர் இந்நாளைக் கொண்டாட மறுக்கின்றனர்.

டிசம்பர் 6ஆம் நாள் அரசியலமைப்பு நாள். 1978ஆம் ஆண்டில் அந்நாளிலேதான் மக்கள் வாக்களித்துப் புதிய அரசியலமைப்பை ஏற்றனர். பின்னர் நத்தார் வரும். ஆண்டின் கடைசி இரவில், மட்றிட் நகரின் சூரியவாசற் சதுக்கத்து மணிக்கூடு பன்னிரண்டு அடிக்கும்போது, ஒவ்வோர் அடிக்கும் ஒவ்வொரு திராட்சைப் பழத்தை மக்கள் உண்பர். இவ்வழக்கத்தை எந்த அரசும் கட்டளையிட்டு ஏற்படுத்தவில்லை.

ஒரு நாளை விடுமுறையாக்க அரசாணை போதும். அதனை விழாவாக்குவது மக்களின் மனம் ஒன்றே. காடிஸ் நகரத்தார் நாற்பதாண்டு காத்திருந்து மெய்ப்பித்த உண்மை இது.