கண்ணனும் கண்மணியும் ஒண்ணா?

போன வருஷம் எங்க காலேஜ் பழைய மாணவர் சந்திப்புக்கு அழைப்பு அனுப்பற வேலை என் தலையில விழுந்தது. மூணு பேர்கிட்டருந்து மூணு எக்செல் பட்டியல் வந்தது. எல்லாம் ஆங்கில எழுத்துல. ஒரே லட்சுமி மூணு பட்டியல்லயும் மூணு ஸ்பெல்லிங்ல உக்காந்திருந்தாங்க.

தேவையில்லாத இடைவெளியை எடுக்க 'ட்ரிம்', முதலெழுத்தைப் பெருசாக்க 'ப்ராப்பர்'னு எக்செல்லயே ஃபங்ஷன் இருக்கு. ஆனா காதுக்கு ஒரே மாதிரி கேக்கற பேர்களைக் கண்டுபிடிக்க எதுவும் கிடையாது. நாமதான் எழுதிக்கணும். 1993ல வந்த எக்செல் 5லருந்து அதுக்கு விபிஏ இருக்கு. முப்பது வரியில ஒண்ணு எழுதினேன். சவுண்டெக்ஸ்னு பேரு. எழுதி முடிச்சப்புறம்தான் இது யார் மூளைன்னு தோண்ட ஆரம்பிச்சேன்.

ஆச்சரியம் என்னன்னா, இது கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சு! அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் ஊர்க்காரர் ராபர்ட் ரஸ்ஸல் 1918ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். மார்கரெட் ஓடெல்னு ஒரு அம்மாவுக்கும் இதுல பங்கு உண்டு. 1922ல இன்னொரு காப்புரிமை.

விஷயம் ரொம்ப சிம்பிள். பேரோட முதலெழுத்தை அப்படியே வெச்சுக்கணும். உயிரெழுத்துகளை விட்டுடணும். மிச்ச எழுத்துகள்ல பெரும்பாலானதுக்கு ஒலியைப் பொறுத்து 1லருந்து 6 வரை ஒரு எண். பி, எஃப், வி எல்லாம் 1. டி ரெண்டுக்கும் 3. எம், என் ரெண்டுக்கும் 5. ஒரே எண் பக்கத்துப் பக்கத்துல வந்தா ஒரு தடவை போதும். மொத்தம் மூணு எண், குறைஞ்சா பூஜ்யம். ஸ்மித், ஸ்மைத், ஷ்மிட் மூணு பேருமே எஸ்-530 ஆயிடுவாங்க.

இதை வெச்சு என்ன பண்ணாங்கங்கறதுதான் முக்கியம். 1935ல அமெரிக்காவுல சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 65 வயசானா பென்ஷன். ஆனா வயசை எப்படி நிரூபிக்கறது? அவங்க பிறந்த 1870கள்ல நாடு முழுக்கப் பிறப்புப் பதிவு கிடையாது. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் சாட்சி. கணக்கெடுத்தவர் காதுல விழுந்தபடி பேரை எழுதிட்டுப் போயிருப்பார். அதுல தன் பேரை எங்கன்னு தேடறது?

பொருளாதார மந்தத்துல வேலையில்லாம இருந்தவங்களுக்கு அரசு வேலை குடுத்த டபிள்யூபிஏ திட்டத்துல, பழைய பதிவேடுகளைப் பார்த்து சவுண்டெக்ஸ் அட்டைகள் எழுத வெச்சாங்க. 1880 கணக்கெடுப்புல, பத்து வயசுக்குள்ள குழந்தை இருக்கற குடும்பங்களுக்கு மட்டும்தான் அட்டை. ஏன்னு புரியுதா? அந்தக் குழந்தைங்கதான் 1935லருந்து 1945க்குள்ள 65ஐத் தொடப்போறவங்க! ஒரு கிழவரோட பென்ஷன் அந்த அட்டையில தொங்கிட்டு இருந்தது.

சரி, நம்ம பேருக்கு வருவோம். கே, எஸ், எச் போட்ட லட்சுமியும் எக்ஸ் போட்ட லட்சுமியும் எல்-250ன்னு ஒண்ணா வந்துட்டாங்க. சந்தோஷம். மலேசியாவுல எழுதற லெச்சுமி? நடுவுல 'டி' வர்றதால எல்-325. தமிழுக்கு 'எல்' போட்டா டி-540, 'இசட் எச்' போட்டா டி-520. நம்ம ழகரம் ரஸ்ஸலுக்கு எங்க தெரியும்? கணேசன் 'ஜி'யில தொடங்கினா ஒருத்தர், 'கே'யில தொடங்கினா வேற ஒருத்தர்.

இதெல்லாம் கூடப் பரவால்ல. இனிஷியலும் கோடும் ஒண்ணா இருந்தா ரெண்டாவது வரியைத் தூக்கிடுன்னு எழுதியிருந்தேன். எங்க செட்ல ஒரே இனிஷியல்ல கண்ணன் ஒருத்தன், கண்மணி ஒருத்தி. ரெண்டுமே கே-550! கண்ணன் வந்தான். கண்மணிக்கு அழைப்பே போகலை.

ஃபோட்டோவைப் பார்த்துட்டு ஃபோன் பண்ணா. "என்னப்பா, நான் உங்க கூடப் படிக்கலையா?" அவ்வளவுதான் கேட்டா. ஃபார்முலா தப்புன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? தப்பு ஃபார்முலாவுது இல்லையே.

அந்த அட்டைகளை அப்புறம் திரும்பப் படத்துல பார்த்தேன். கோடு மேல ஒரு மூலையில. கீழ, பதிவேட்டுல இருந்தபடியே பேர், வயசு, பிறந்த இடம், எந்தப் பக்கத்துல இருக்குன்னு குறிப்பு. கோடு தேடறதுக்குத்தான். பேரைத் தூக்கி எறியறதுக்கு இல்லை. கையால எழுதின அந்த குமாஸ்தாக்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலை.

இப்போ என் ஃபங்ஷன் தனிக் காலம்ல கோடு மட்டும் போடும். ஒண்ணா வர்ற வரிக்கு மஞ்சள் கலர் அடிக்கும். அழிக்கறதா வேண்டாமான்னு நான்தான் ஒவ்வொண்ணா பார்க்கறேன். நானூறு பேருக்கு ஒரு சாயங்காலம் ஆகுது. ஆகட்டும்.

டிஸ்கி: அடுத்த சந்திப்புக்கு முதல் அழைப்பு கண்மணிக்குத்தான். கையால எழுதி :-)