ரசிகர்களே இல்லாத கச்சேரி: அழிந்த பாம்பெய் நகருக்குள் பிங்க் ஃப்ளாய்ட் வாசித்தது எப்படி? தனுஷ்கோடியில் இது சாத்தியமா?

தனுஷ்கோடிக்குப் போகிற யாரும் அந்த இடிந்த சர்ச் முன்னாடி ஒரு வீடியோ எடுக்காமல் திரும்புவதில்லை. ரூமுக்கு வந்ததும் ஒரு பாட்டை ஒட்டி ரீல்ஸ் ஆக்கிவிடுவார்கள். பாட்டைப் பிறகு ஒட்டாமல், அழிந்துபோன ஊருக்குள்ளேயே டிரம்ஸ், கிட்டார், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் இறக்கி, அங்கேயே வாசித்து, அங்கேயே பதிவு செய்தால்?

1971 அக்டோபரில் இத்தாலியில் அப்படி ஒன்று நடந்தது. கேட்க ஒரு டிக்கெட் ரசிகர்கூட கிடையாது. அந்தப் பதிவு 2025ல் புதுப்பிக்கப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்தது. ஆல்பமாகவும் வந்து, பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

யார் இவர்கள்?

பிங்க் ஃப்ளாய்ட், 1965ல் லண்டனில் உருவான இசைக்குழு. இவர்கள் வாசித்த வகைக்கு 'புரோகிரஸிவ் ராக்' என்று பெயர். மூணு நிமிஷப் பாட்டு, பல்லவி, சரணம் என்ற கணக்கெல்லாம் இதில் இல்லை. ஒரே பாட்டு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும், நடுவில் தாளம் மாறும், பாட்டே நின்று வெறும் சத்தமாக அலையும், மறுபடி வந்து சேரும். கர்நாடகக் கச்சேரியில் ராகம் தானம் பல்லவியை உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. பெங்களூருவின் 'அகம்' குழு கர்நாடக இசையையும் இந்த ராக் வகையையும் சேர்த்து வாசிப்பதும் அதனால்தான் நம் காதுக்கு அந்நியமாக இல்லை.

பாஸ்போர்ட் தொலைந்ததில் கிடைத்த ஐடியா

படத்தை எடுத்தவர் ஏட்ரியன் மேபன். ஓவியங்களையும் பிங்க் ஃப்ளாய்ட் இசையையும் சேர்த்து ஒரு படம் என்பதுதான் அவருடைய முதல் திட்டம். அது நடக்கவில்லை. 1971 கோடையில் இத்தாலிக்குச் சுற்றுலா போனவர், பாம்பெய்யைப் பார்த்து முடித்ததும் பாஸ்போர்ட்டைக் காணோம் என்று உணர்ந்தார். கி.பி. 79ல் வெசுவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலுக்குள் புதைந்த ஊர் அது. அங்குள்ள வட்ட அரங்கில் விட்டிருப்போமோ என்று சாயங்கால இருட்டில் திரும்பிப் போய்த் தேடினார். ஆள் இல்லாத அந்தக் கல் அரங்கில் பூச்சிகளின் சத்தமும் வௌவால்களும்தான். படம் இங்கேதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. உட்ஸ்டாக் இசை விழா படம் 1970ல் வெளியாகி, கச்சேரிப் படம் என்றாலே லட்சக்கணக்கான கூட்டம் என்றாகியிருந்தது. மேபன் அதற்கு நேர் எதிராக, கூட்டமே இல்லாத படத்தை எடுக்க நினைத்தார்.

அனுமதி கிடைத்தது, கரண்ட் கிடைக்கவில்லை

தொல்லியல் இடத்தில் ராக் குழுவா? அதிகாரிகள் யோசித்தார்கள். நேபிள்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பேசி, அனுமதியும் வாங்கிக் கொடுத்தார்.

வெறுமனே வாயசைத்து நடிக்க மாட்டோம், நிஜமாக வாசித்துத்தான் பதிவு செய்வோம் என்று குழு கறாராகச் சொல்லிவிட்டது. அதனால் மேடைக் கருவிகள் மொத்தமும் லண்டனில் இருந்து லாரியில் வந்தன. எல்லாவற்றையும் இறக்கி சுவிட்சைப் போட்டால், அரங்கில் இருந்த மின்சாரம் போதவில்லை. படப்பிடிப்புக்குக் கிடைத்ததே சில நாள்தான், அதிலும் கொஞ்சம் இப்படி வீணானது. கடைசியில் ஊருக்குள் நகராட்சிக் கட்டடத்தில் இருந்து தெருத்தெருவாக ஒயரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வழியில் யாராவது பிளக்கைப் பிடுங்கினால் கச்சேரி காலி!

அக்டோபர் 4 முதல் 7 வரை பதிவு நடந்தது. வாசித்த 'எக்கோஸ்' பாட்டு இடம்பெற்ற 'மெடில்' ஆல்பம் அப்போது வெளியாகவே இல்லை. ரசிகர்கள் இல்லை என்று சொன்னாலும், உள்ளூர்ப் பையன்கள் சிலர் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டார்கள். சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் விரட்டவில்லை.

'லைவ்' எவ்வளவு லைவ்?

இதில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். 1972 செப்டம்பரில் எடின்பரோ திரைப்பட விழாவில் வெளியான படத்தில், பாம்பெய்யில் வாசித்தவை மூன்று பாட்டுகள்தான். மீதி மூன்றும் டிசம்பரில் பாரிஸ் ஸ்டூடியோவில் எடுத்தவை. அதில் ஒன்றில் நாய் ஒன்று ஊளையிட்டுப் பாடுகிறது! உற்றுப் பார்த்தால் பிடித்துவிடலாம்: கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டுக்கு பாம்பெய்யில் தாடி இருக்கும், பாரிஸில் இருக்காது. ஆக, 'லைவ் அட் பாம்பெய்' என்ற பெயர் பாதிக்குப் பாதிதான் சரி.

ஒரு பாட்டில் கேமரா டிரம்மர் நிக் மேசனை விட்டு நகரவே நகராது. பலர் அதை ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். மற்றவர்களை எடுத்த ஃபிலிம் சுருள்கள் தொலைந்துவிட்டன, அவ்வளவுதான் விஷயம். மிச்சமிருந்த பயன்படுத்தாத நெகட்டிவ்களும் பின்னாளில் இடத்தை அடைக்கிறது என்று எரிக்கப்பட்டதாக மேபன் சொல்லியிருக்கிறார். 2025ல் படம் புதுப்பொலிவோடு வர முடிந்ததற்குக் காரணம், வெட்டித் தொகுத்த மூல நெகட்டிவ் குழுவின் கிடங்கில் பெட்டிக்குள் பத்திரமாகக் கிடைத்ததுதான். ஒலியைப் புதிதாகக் கலந்தவர் ஸ்டீவன் வில்சன்.

பொதுவாக லைவ் பதிவில் கைதட்டலும் விசிலும் சேர்ந்தே பதிவாகும். டெல்லியின் 'இந்தியன் ஓஷன்' குழு 1997 புத்தாண்டு நாளில், நாடகக் கலைஞர் சஃப்தர் ஹஷ்மி நினைவு நிகழ்ச்சியில் வாசித்தது 'டெசர்ட் ரெயின்' என்ற லைவ் ஆல்பமானது. அங்கே எதிரே ஆட்கள் இருந்தார்கள். பாம்பெய்யில் ஒரு பாட்டு முடிந்தால் நிசப்தம் மட்டும்தான்.

சரி, தனுஷ்கோடியில் முடியுமா?

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில் அழிந்த ஊர். பாம்பனில் இருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. சர்ச், ரயில்வே ஸ்டேஷன் இவற்றின் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. படத்தில் பார்க்க பாம்பெய் மாதிரியேதான் இருக்கும்.

ஆனால் ஒலிப்பதிவு என்று வந்தால் கதை வேறு. பாம்பெய் அரங்கு தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாகக் கட்டப்பட்டது. சுற்றிலும் கல் படிகள் இருப்பதால் காற்று அதிகம் உள்ளே வராது. தனுஷ்கோடியோ ஒரு பக்கம் 'பெண் கடல்' என்று ஊர்க்காரர்கள் சொல்லும் அமைதியான கடலுக்கும், இன்னொரு பக்கம் 'ஆண் கடல்' என்கிற மன்னார் வளைகுடாவுக்கும் நடுவில் கிடக்கும் மணல் நாக்கு. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் மறைப்பு கிடையாது. காற்று மைக்கின் மேல் மோதினால் பாட்டுக்குப் பதில் 'குபுகுபு' சத்தம்தான் பதிவாகும். சர்ச்சில் கூரையும் இல்லை. ஒயர் போகட்டும், ஜெனரேட்டர் கொண்டுவரலாம் என்றால் அதன் இரைச்சலும் மைக்கில் ஏறும். 2025ல் தமிழக அரசு இந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமாக அறிவித்திருப்பதால், பறவைகள் வரும் மாதங்களில் பெரிய ஸ்பீக்கர் வைப்பதை யோசிக்கவே முடியாது.

இதையெல்லாம் விட முக்கியமான ஒரு வித்தியாசம் இருக்கிறது. பாம்பெய்யில் செத்தவர்களை நினைத்து அழ இன்று யாரும் இல்லை. இருபது நூற்றாண்டு ஓடிவிட்டது. 2016ல் டேவிட் கில்மோர் அதே அரங்குக்குத் திரும்பி வந்து, இந்த முறை ரசிகர்கள் முன்னால் வாசித்தபோது ஊரே கொண்டாடியது. கௌரவக் குடிமகன் பட்டமும் கொடுத்தது. தனுஷ்கோடிப் புயலில் அப்பா அம்மாவை இழந்தவர்கள் இப்போதும் ராமேஸ்வரம் தீவில் இருக்கிறார்கள். இடிபாடுகளைச் சுற்றி மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டுப் பிழைக்கின்றன. அங்கே ஆம்ப்ளிஃபையர் இறக்க நினைப்பவர்கள் தொல்லியல் அதிகாரியிடம் கேட்டால் மட்டும் போதாது, முதலில் இவர்களிடம் கேட்க வேண்டும்.

பாம்பெய் படத்தின் பெரிய ஈர்ப்பு அதன் இருட்டுக் காட்சிகள். தனுஷ்கோடியில் இருட்டிய பிறகு வெளியாட்கள் தங்க அனுமதி கிடையாது.